ரைடிங் மோவர் சைலன்சரில் வெடிக்கிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

செம்மண்காடு (வட கரோலைனா)

எல்லாருக்கும் வணக்கம். ராலேக்குத் தெற்கே ஒன்றேகால் ஏக்கர் இடம், பாதிக்கு மேல் சரிவு. பழசாக வாங்கிய டிராக்டர் வகை ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) ஒன்று வைத்திருக்கிறேன். 42 அங்குல டெக் (பிளேடுகள் சுற்றும் அடிக்கூடு), ஒற்றை சிலிண்டர், 17.5 குதிரைசக்தி, 500 சிசி, ஓவர்ஹெட் வால்வு இன்ஜின். கம்பெனிப் பெயர் வேண்டாம், இந்த வகை இன்ஜின் இங்கே தெருவுக்குத் தெரு ஓடுகிறது.

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சமதளத்தில் வெட்டும்போது ஒரு குறையும் இல்லை. வாய்க்கால் ஓரச் சரிவில் குறுக்கே போகும்போதும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதும் இன்ஜின் ஒரு கணம் தளர்கிறது, அடுத்த கணம் "டமார்" என்று வெடி. பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. இது போக, வேலை முடித்து சாவியை அணைத்தால் கடைசியில் ஒரு வெடி தவறாமல் வருகிறது. அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதனால் வெட்டவே தயக்கமாக இருக்கிறது, புல்லோ முழங்கால் உயரம் வந்துவிட்டது.

பிளக் புதிது, இடைவெளி 0.030 அங்குலம் வைத்தேன். ஏர் ஃபில்டர் புதிது. டேங்கில் இருந்த பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினேன். மாற்றமில்லை. இங்கே ஒரு கடையில் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலே "கார்புரேட்டரை மாத்துங்க, சரியாயிடும்" என்றார்கள். செலவு செய்யும் முன் உங்களிடம் கேட்கிறேன்.

பீளமேடு பட்டறை (கோயம்புத்தூர்)

தம்பி, கார்புரேட்டர் வாங்கறதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. நம்ம பக்கம் ரைடிங் மோவர் காலேஜ் மைதானம், மில் வளாகம்னு அங்கங்கதான் இருக்குது. ஆனா ஜெனரேட்டர், பெட்ரோல் வீடர், ஸ்ப்ரேயர்னு இதே ஜாதி இன்ஜின் பட்டறைக்கு நெறைய வரும். வேலை செய்யற விதம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

"வெடிக்குது"ன்னு மட்டும் சொன்னா வைத்தியம் சொல்ல முடியாதுங்க. எந்த வாய் வழியா வெடிக்குது, எந்த நேரத்துல வெடிக்குது, இந்த ரெண்டும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

கார்புரேட்டர் வழியா, ஏர் ஃபில்டர் பக்கமா "டப் டப்"னு திருப்பி அடிச்சா ஒரு குடும்பம். பெட்ரோல் குறைஞ்சு காத்து அதிகமானா கலவை மெதுவா எரியும். கலவையை உள்ள விடற இன்டேக் வால்வு அடுத்த தடவை தெறக்கறப்பவும் உள்ள நெருப்பு மிச்சம் இருக்கும், அது வந்த வழியே வெளிய பாயும். இன்டேக் வால்வு சரியா உக்காரலைன்னாலும் இதே கதை. ஸ்பார்க் வர்ற நேரம் (டைமிங்) நகந்திருந்தாலும் இதே கதை.

சைலன்சர்ல வெடிச்சா அது வேற குடும்பம். எரியாத பெட்ரோல் சிலிண்டரைத் தாண்டி சூடான சைலன்சருக்குள்ள போய்ச் சேருது, அங்க தீப்பிடிக்குது. பெட்ரோல் அதிகமாப் பாயலாம், புகையை வெளிய விடற எக்சாஸ்ட் வால்வு ஒழுகலாம், ஓடிட்டிருக்கறப்பவே ஸ்பார்க் விட்டு விட்டு வரலாம்.

அதனால எனக்கு இதைச் சொல்லுங்க. சத்தம் எந்தப் பக்கம்? பிளேடு போடாம சும்மா நிக்கறப்ப வெடிக்குதா? சூடானப்புறமா, ஸ்டார்ட் பண்ணின உடனேயா? ஸ்டார்ட் ஆகறப்ப ஸ்டார்ட்டர் திணறுதா? கழட்டின பிளக் நுனி என்ன நெறம்?

அஜாக்ஸ் அண்ணை (ஒன்ராறியோ)

வணக்கம் தம்பி. கோயம்புத்தூர் ஐயா சொன்னது சரி. ஆனால் எங்கட பக்கம் மோவர் பனிக்காலம் முழுக்கக் கராஜுக்குள்ள கிடக்கிறது, அதால எனக்கு முதல் சந்தேகம் எப்பவும் பெற்றோலில தான். நீர் புதுப் பெற்றோல் விட்டாலும், காபரேற்றரின்ர அடிக் கிண்ணத்துக்குள்ள பழசு நிண்டு கொண்டிருக்கும்.

இஞ்ச வாற சாதாரண பெற்றோலில எதனோல் கலந்திருக்கு. எதனோல் காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மிஞ்சித் தண்ணி சேர்ந்தால் தண்ணியும் எதனோலும் ஒண்டாப் பிரிஞ்சு அடியில இறங்கிவிடும். ஒருக்கா என்ர மோவரின்ர கிண்ணத்தைக் கழட்டி, இருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள்ள வாத்துப் பார்த்தன். மேல மஞ்சள் பெற்றோல், அடியில விரல் தடிப்புக்குக் கலங்கின நீர். நடுவில கோடு கீறின மாதிரி. பெற்றோல் போற ஜெற் துவாரத்தைச் சுத்தி வெள்ளைப் படிவம். மெல்லிய செப்புக் கம்பி இழை ஒண்டு விட்டுத்தான் துவாரத்தைத் திறந்தன். பெரிய கம்பி விடாதையும், துவாரம் பெருத்தால் பிறகு வேற தலையிடி.

கழட்டாமலே பார்க்க ஒரு வழி இருக்கு. இன்ஜின் சூடாகி முழு வேகத்தில ஓடேக்க, காத்தைக் குறைக்கிற சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாரும். வெடி குறைஞ்சு ஓட்டம் சீரானால் பெற்றோல் காணாது எண்டு அர்த்தம். சோக் இழுக்க நிலைமை மோசமானால் பெற்றோலில குறையில்லை, மற்றப் பக்கம் பார்க்க வேணும்.

அமெரிக்காவில 88 எண்டு எழுதின பம்பில 15 சதவீத எதனோல் வாறதெண்டு நினைக்கவேணும். அதை இந்தச் சின்ன இன்ஜினுகளுக்கு விடக் கூடாது, அங்க சட்டப்படியே அனுமதி இல்லை.

செம்மண்காடு

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சத்தம் சைலன்சர் பக்கம்தான், சந்தேகமே இல்லை. வாய் ஓரத்தில் கறுப்புக் கரி படிந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் கடற்பஞ்சில் கரியோ தீப்பட்ட அடையாளமோ இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்ததைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். ஒரே நிறம், அடியில் ஒன்றும் தேங்கவில்லை. சோக்கை இழுத்தால் இன்ஜின் அடைத்துக்கொண்டு கரும்புகை விடுகிறது. விட்டால் சரியாகிறது.

பழைய பிளக் நுனி பழுப்பு நிறம். ஸ்டார்ட்டர் திணறவில்லை. நிறுத்தி வைத்து, பிரேக் போட்டு, பிளேடு போடாமல் முழு வேகத்தில் ஓடவிட்டேன். சைலன்சர் நன்றாகச் சூடாகும்வரை நின்றேன், ஒரு வெடியும் இல்லை. வண்டியை நகர்த்தினால்தான் வருகிறது. சாவியை அணைக்கும்போது வரும் வெடி மட்டும் எங்கே அணைத்தாலும் வருகிறது.

ஹூஸ்டன்வாசி (டெக்சஸ்)

எனக்கு இதே மாதிரி வந்தது. ஃப்ளைவீல் கீ (ஃப்ளைவீலை கிராங்க் தண்டில் நகராமல் பிடிக்கும் சின்ன ஆப்பு) பாதி வெட்டுப்பட்டிருந்தது. எங்கேயாவது மர வேரில் பிளேடு இடித்ததா? அந்தக் கீயை மென்மையான உலோகத்தில்தான் செய்வார்கள், கிராங்க் தப்பிக்க வேண்டும் என்பதற்காக. ஃப்ளைவீல் ஒரு இழை முன்னால் நகர்ந்தாலும் அதில் இருக்கும் காந்தம் ஸ்பார்க் தரும் காயிலை முன்கூட்டியே தாண்டும். ஸ்பார்க் சீக்கிரம் வரும், வெடிக்கும். முதலில் ஃப்ளைவீலைக் கழற்றிப் பாருங்கள். கீ விலை மிகக் குறைவு.

பீளமேடு பட்டறை

ஹூஸ்டன் சார் சொல்றது கையில தள்ளற மோவருக்கு முதல் சந்தேகமா இருக்கணும், ஒத்துக்கறேன். அதுல பிளேடு நேரா கிராங்க்லயே மாட்டியிருக்கும். வேர்ல இடிச்சா கிராங்க் சட்டுனு நிக்கும், ஃப்ளைவீல் அதுபாட்டுக்குச் சுத்தும், நடுவுல கீ வெட்டுப்படும். ரைடிங் மோவர்ல பிளேடு பெல்ட்லதான் ஓடுது. இடிச்சா பெல்ட் வழுக்கும், கிராங்க் வரைக்கும் அந்த அடி முழுசாப் போகாது.

அதை விட முக்கியமானது ஒண்ணு இருக்குங்க. கீ நகந்துட்டா அது எப்பவும் நகந்தேதான் இருக்கும். ஸ்டார்ட் பண்றப்ப திருப்பி உதைக்கும், சமதளத்துலயும் ஓட்டம் கெட்டுத்தான் இருக்கும். தம்பி வண்டி நல்லா ஸ்டார்ட் ஆகுது, நின்ன எடத்துல நல்லா ஓடுது. மேடு பள்ளத்துல மட்டும் வந்து போற கோளாறுக்கு, எப்பவும் இருக்கற காரணத்தைத் தேடினா கெடைக்காது.

ஹூஸ்டன்வாசி

நியாயம்தான். ஆனால் ஃப்ளைவீல் நட் தளர்ந்திருந்தால் ரைடிங் மோவரிலும் கீ போகும், அதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அதுதான் என்று தெரிந்தால், செம்மண்காடு, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றுங்கள். சுத்தியலால் அடித்தால் காந்தமோ விசிறி இறகோ உடையும். நட்டை சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் அளவுக்கு முறுக்க வேண்டும்.

கயல் (கிப்ஸ்லாந்து, விக்டோரியா)

தம்பி, ஓவர்ஹெட் வால்வு இன்ஜின் என்கிறீர்கள், பழைய வண்டி என்கிறீர்கள், டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி) பார்த்தீர்களா? யாருமே பார்ப்பதில்லை. எங்கள் பண்ணையில் ஒற்றை சிலிண்டர் ரைட்-ஆன் இருக்கிறது. ஒரு கோடையில் ஸ்டார்ட்டர் அரைச் சுற்று சுற்றி நின்று நின்று போனது. பேட்டரி மாற்றியும் தீரவில்லை. காரணம் வால்வு இடைவெளி. இந்த இன்ஜின்களின் கேம் ஷாஃப்டில், ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஒரு வால்வை லேசாகத் தூக்கிக் கம்ப்ரஷனைக் குறைக்கும் சின்ன அமைப்பு உண்டு. இடைவெளி அதிகமானால் அந்தத் தூக்கல் வால்வு வரை எட்டாது, ஸ்டார்ட்டர் முழுக் கம்ப்ரஷனோடு முட்டிக்கொள்ளும். இடைவெளி குறைந்தால் நேர்மாறு. வால்வு முழுதாக உட்காராது, ஒழுகும், எக்சாஸ்ட் என்றால் சைலன்சரில் வெடி.

பார்ப்பது கடினமில்லை. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, வால்வு மூடியைத் திறங்கள். கம்ப்ரஷன் வீச்சில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அதைத் தாண்டி கால் அங்குலம் இறக்குங்கள். உச்சியிலேயே வைத்து அளந்தால் அந்தக் கம்ப்ரஷன் அமைப்பு வால்வைத் தொட்டுக்கொண்டு இருக்கலாம், அளவு தப்பாக வரும். பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). என் இன்ஜினுக்கு இன்டேக் 0.003 முதல் 0.005 அங்குலம், எக்சாஸ்ட் 0.005 முதல் 0.007. உங்கள் இன்ஜினின் மாடல் எண்ணை வைத்து அதன் புத்தகத்தைப் பாருங்கள், என் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம். தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளங்கள், இறுக்கும்போது நகர்ந்துவிடும்.

வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராட் இரண்டையும் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் தாளம் தட்டும்.

மேல் மூடியைக் கழற்றினால் அப்படியே குளிரூட்டும் விசிறியின் உறைக்குள்ளும் கை விடுங்கள். எலிக்கூடும் காய்ந்த புல்லும் சூட்டை வெளியேற்றும் ஃபின்களை அடைத்தால் சிலிண்டர் தலை கொதிக்கும், வால்வு கைடு இடம் நகரும். அதற்குப் பிறகு எந்த டேப்பெட் அளவும் நிற்காது.

செம்மண்காடு

கயல் அக்கா, அளந்தேன். இன்டேக் சரியாக இருந்தது. எக்சாஸ்ட் கொஞ்சம் அதிகம், 0.009. அதை 0.006க்குக் கொண்டுவந்தேன், என் இன்ஜின் புத்தகத்திலும் நீங்கள் சொன்ன அதே அளவுதான். புஷ் ராட் நேராக இருக்கிறது. விசிறி உறைக்குள் எலிக்கூடு இருந்தது, உள்ளங்கை அளவு பஞ்சும் பைன் ஊசி இலையும். சுத்தம் செய்துவிட்டேன். ஓட்டம் முன்பை விட மென்மை. ஆனால் சரிவு வெடி அப்படியே இருக்கிறது.

பீளமேடு பட்டறை

கயல் சொன்னது வீணாப் போகலைங்க, அந்த எலிக்கூடு இன்னும் ஒரு சீசன்ல இன்ஜினையே காவு வாங்கியிருக்கும்.

இப்ப படம் தெளிவா இருக்குது. பெட்ரோல் சரி, வால்வு சரி, நின்ன எடத்துல வெடி இல்லை, அசைஞ்சா வெடி. வெடிக்கறதுக்கு ஒரு கணம் முன்னாடி இன்ஜின் தளருதுன்னு முதல் பதிவுலயே சொல்லியிருந்தீங்க. அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாப் பட்டுது. அந்தக் கணத்துல ஸ்பார்க் அறுந்து போகுது.

கணக்குப் போட்டுப் பாருங்க. முழு வேகம்னா நிமிஷத்துக்கு 3,300 சுத்துன்னு வெச்சுக்கங்க. நாலு வீச்சு இன்ஜின், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை கலவையை உறிஞ்சும். அப்ப நிமிஷத்துக்கு 1,650, நொடிக்கு 27 தடவை. ஸ்பார்க் கால் நொடி நின்னாப் போதும், ஆறேழு தடவை உறிஞ்சின எரியாத கலவை அப்படியே சைலன்சருக்குள்ள போய் நெறைஞ்சிடும். திரும்ப ஸ்பார்க் வந்ததும் முதல் நெருப்பு எக்சாஸ்ட் வழியாப் போய் அத்தனையையும் கொளுத்தும். அதான் அந்த "டமார்". கார்புரேட்டரை நாலு தடவை மாத்தினாலும் இது போகாது.

இந்த வண்டியில ஸ்பார்க்குக்கு பேட்டரி வேண்டாம், ஃப்ளைவீல் காந்தமே போதும். இன்ஜினை நிறுத்தணும்னா காயில்ல இருந்து வர்ற ஒரு ஒயரை எர்த்துல தொட வெச்சா நிக்கும். அந்த ஒயர்தான் சாவிக்கும், சீட் ஸ்விட்சுக்கும், பிரேக் ஸ்விட்சுக்கும், பிளேடு ஸ்விட்சுக்கும் போகுது. ஆள் எந்திரிச்சா சீட் ஸ்விட்ச் எர்த் பண்ணும், இன்ஜின் நிக்கும். பிரேக் போட்டு, பிளேடு எடுத்துட்டா மட்டும் அந்தப் பாதை துண்டிச்சிருக்கும், நீங்க எறங்கினாலும் இன்ஜின் ஓடும். நின்ன எடத்துல வெடி ஏன் வரலைன்னு இப்பப் புரியுதுங்களா? பிரேக்கை விட்டாத்தான் சீட் ஸ்விட்ச் ஆட்டத்துக்குள்ள வருது. சரிவுல நீங்க ஒரு பக்கமாச் சாயறீங்க. சீட்டுக்கு அடியில ஏதோ ஒண்ணு ஒரு கணம் எர்த் ஆகுது.

காயில் சூடாகி விட்டு விட்டு வேலை செஞ்சாலும் இதே மாதிரி வரும். ஆனா அது சமதளத்துலயும் வரும், சூடான நேரத்தைப் பாத்து வரும்.

புதியவன்22

சீட் ஸ்விட்ச்தான் பிரச்சினை என்றால் அந்த ஒயரைப் பிடுங்கி ஜம்பர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

கயல்

தம்பி, அதைச் செய்யாதீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொல்கிறேன். சரிவில் வண்டி கவிழ்ந்து ஆள் கீழே விழுந்தால், மூன்று பிளேடோ இரண்டு பிளேடோ அந்த ஒரு ஸ்விட்சால்தான் நிற்கிறது. வீட்டில் குழந்தைகள் ஓடி வருகிற இடத்தில் வெட்டுகிறோம். ஸ்விட்ச் சரியாக வேலை செய்யும்போது அது இருப்பதே தெரியாது. தெரிய வேண்டிய ஒரே நேரத்தில் அது இல்லாமல் போகக் கூடாது.

இன்னொன்று, செம்மண்காடு. நீங்கள் சரிவில் குறுக்கே ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். டிராக்டர் வகை மோவரை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்றுதான் ஓட்ட வேண்டும். குறுக்கே போனால் பக்கவாட்டில் கவிழும். 15 பாகைக்கு மேல் சரிவு இருந்தால் ஓட்டவே வேண்டாம் என்றுதான் பல உரிமையாளர் புத்தகங்களில் இருக்கும். அந்த வாய்க்கால் ஓரத்தைக் கையால் தள்ளும் மோவரிலோ டிரிம்மரிலோ முடியுங்கள். வெடி சரியான பிறகும் இது பொருந்தும்.

அஜாக்ஸ் அண்ணை

தங்கச்சி சொல்லுறது சத்தியம். சீற் ஸ்விட்ச் எந்த வகை எண்டு தெரியாமல் ஜம்பர் போட்டால் சில வண்டியில இன்ஜின் ஸ்ராற்றே வராது, அதையும் சொல்லி வைக்கிறன்.

பீளமேடு பட்டறை

சோதிக்கற முறை சொல்றேன். வண்டி சமதளத்துல, பிளேடு எடுத்து, கியர் நியூட்ரல்ல, சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை.

பிளக்குக்கும் பிளக் ஒயருக்கும் நடுவுல மாட்டற ஸ்பார்க் டெஸ்டர் கடையில கெடைக்கும், உள்ள சின்ன பல்பு ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னும். அதை மாட்டி ஓட விட்டு, பிரேக்கை விட்டுட்டு, சீட்டுல உக்காந்தபடியே இடப்பக்கம் வலப்பக்கம் சாஞ்சு பாருங்க. இன்னொருத்தர் தள்ளி நின்னு பல்பைப் பாக்கட்டும். வெடிக்கறதுக்கு முன்னாடி பல்பு அணைஞ்சா என் பேச்சு சரி.

அடுத்தது இன்ஜினை நிறுத்தி ஆற விடுங்க. காயில்ல இருந்து வர்ற அந்த ஒத்தை ஒயரோட கனெக்டரை இன்ஜின் பக்கத்துல பிரிங்க. வண்டி பக்கம் இருக்கற முனையில முதல்ல வோல்டேஜ் பாருங்க, சாவி ரன்ல இருக்கணும். அங்க 12 வோல்ட் வரவே கூடாது. வந்தா அந்த 12 வோல்ட் காயிலைக் கொன்னுடும், அது பெரிய தப்பு வயரிங். வோல்டேஜ் இல்லைன்னா மீட்டரை பீப் சத்தத்துல வெச்சு, ஒரு முனை அந்த ஒயர்ல, இன்னொண்ணு சேசிஸ்ல. சீட்டுல உக்காந்து பிரேக்கை விடுங்க. மீட்டர் சத்தமே போடக் கூடாது. சாய்ஞ்சா பீப் வந்தா எடம் கெடைச்சுது.

அந்த ஒயரைப் பிரிச்சுட்டு இன்ஜினை ஓட்டிப் பாக்கற வழியும் இருக்குது. ஆனா சாவியால நிறுத்த முடியாது, பாதுகாப்பு ஸ்விட்ச் ஒண்ணும் வேலை செய்யாது. மீட்டர்லயே தெரியற விஷயத்துக்கு அது வேண்டாம்.

செம்மண்காடு

கிடைத்துவிட்டது!

மனைவி தள்ளி நின்று டெஸ்டரைப் பார்த்தார், நான் சீட்டில் சாய்ந்தேன். வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் சாய்ந்ததும் "அணைஞ்சுது" என்று அவர் சொல்லி வாய் மூடும் முன் வெடித்தது. மீட்டரில் வோல்டேஜ் இல்லை. பீப்பில் வைத்து இடது பக்கம் சாய்ந்தேன், விட்டு விட்டுக் கத்தியது.

சீட்டை முன்னால் மடக்கிப் பார்த்தேன். ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. அதிலிருந்து வரும் ஒயர் கீலுக்குப் பக்கத்தில் தகட்டு விளிம்பின் மேல் போகிறது. ஒவ்வொரு முறை சீட்டை மடக்கும்போதும் அந்த விளிம்பில் உரசியிருக்கிறது. மேலே தூசும் கிரீசும் பூசியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. துணியால் துடைத்ததும் ஒரு கடுகு அகலத்துக்குச் செம்பு பளபளத்தது, அதற்கு நேரே தகட்டில் பெயின்ட் போய் ஒரு கறுப்புப் புள்ளி. இடது பக்கம் சாய்ந்தால் சீட் அந்தப் புள்ளியில் போய் உட்காருகிறது. கனெக்டர் முனையிலும் பச்சைப் படிவம்.

அடிபட்ட துண்டை வெட்டி எடுத்து, ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டேன். கனெக்டரைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவினேன். ஒயரை விளிம்பைத் தொடாதபடி வேறு வழியில் கொண்டுபோய் டை போட்டுக் கட்டினேன். முழுப் புல்லையும் வெட்டி முடித்தேன், மேடு பள்ளம் எல்லாம் ஏறினேன், ஒரு வெடியும் இல்லை. எழுந்து பார்த்தால் இன்ஜின் உடனே நிற்கிறது, ஆக ஸ்விட்சும் சரி. வாய்க்கால் ஓரத்தை டிரிம்மரில் முடித்தேன், கயல் அக்கா.

மிச்சம் இருப்பது சாவியை அணைக்கும்போது வரும் அந்த ஒற்றை வெடி.

அஜாக்ஸ் அண்ணை

மெத்தச் சந்தோசம் தம்பி! மற்ற வெடிக்கு காபரேற்றர் கிண்ணத்தின்ர அடியைப் பாரும். ஒயரோட ஒரு சோலினோய்ட் இருக்கும். சாவி போட்டால் ஊசி கீழ இழுபடும், நிப்பாட்டினால் மேல எழும்பிப் பெரிய ஜெற்றை அடைக்கும். அது அடைக்காட்டில், ஸ்பார்க் நிண்ட பிறகும் இன்ஜின் சுத்தி நிக்கும் வரைக்கும் பெற்றோலைச் சைலன்சருக்குள்ள தள்ளிக்கொண்டே இருக்கும். சாவியைப் போட்டு எடுக்க "டிக்" எண்டு கேக்குதோ?

செம்மண்காடு

கேட்கிறது அண்ணா, போடும்போதும் எடுக்கும்போதும். அதனால் நல்லதென்றே நினைத்தேன்.

பீளமேடு பட்டறை

சத்தம் கேட்டா மட்டும் பத்தாதுங்க. பெட்ரோல் குழாயை அடைச்சுட்டு, அடியில ஒரு கிண்ணம் வெச்சு, சோலினாய்டைக் கழட்டி ஊசி நுனியைப் பாருங்க. பழைய வண்டின்னா ஒரு பழக்கம் உண்டு. சோலினாய்டு கெட்டுப் போய் ஜெட்டை அடைச்சுட்டே நின்னா, புதுசு வாங்காம ஊசியை வெட்டி விட்டுட்டு ஓட்டுவாங்க. அதுக்கப்புறம் அது சும்மா டிக் டிக்னு சத்தம் மட்டும் போடும்.

செம்மண்காடு

ஐயா, அப்படியேதான். ஊசி நுனியை கட்டிங் பிளேயரால் நறுக்கியிருக்கிறார்கள், வெட்டுவாய் சாய்வாக நசுங்கி இருக்கிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் செய்திருக்க வேண்டும். புதுசு ஆர்டர் போட்டுவிட்டேன். அது வரும்வரை எப்படி அணைப்பது?

பீளமேடு பட்டறை

சோலினாய்டு வேலை செய்யாத வரைக்கும் வேகத்தைக் கடைசி வரைக்கும் குறைச்சு, அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் அப்படியே ஓட விட்டு, அப்புறம் சாவியை எடுங்க. சைலன்சரும் கொஞ்சம் ஆறும், பெட்ரோலும் குறைவாப் போகும்.

புதுசு மாட்டினப்புறம் பழக்கத்தை மாத்த வேண்டி வரலாம். சோலினாய்டு இருக்கற இன்ஜினை அரை வேகத்துக்கும் முழு வேகத்துக்கும் நடுவுல வெச்சே அணைக்கணும்னு சில கம்பெனி புத்தகத்துல போட்டிருக்குது. உங்க இன்ஜின் புத்தகம் என்ன சொல்லுதோ அதைக் கேளுங்க.

இன்னொரு வேலை இருக்குது. இத்தனை நாள் வெடிச்ச சைலன்சரைக் கழட்டித் தட்டிப் பாருங்க. உள்ள தகடு விட்டிருந்தா கலகலன்னு ஆடும். ஒட்டு விட்ட எடத்துலயோ, இன்ஜின்ல சேர்ற கேஸ்கெட்லயோ ஓட்டை இருந்தா வெளிக்காத்தை உள்ள இழுக்கும், வேகத்தைக் குறைக்கறப்ப சின்னச் சின்னதா பொட் பொட்னு வெடிக்கும்.

செம்மண்காடு

சோலினாய்டு வந்து மாட்டியாயிற்று. அணைக்கும்போது வந்த வெடி நின்றுவிட்டது. நீங்கள் சொன்ன அந்தச் சின்ன பொட் பொட் இருந்தது, அது சைலன்சர் போல்ட். இரண்டில் ஒன்று கையாலேயே சுற்றியது. கேஸ்கெட் ஒரு பக்கம் கறுத்து எரிந்து போயிருந்தது. புது கேஸ்கெட் போட்டு இரண்டு போல்ட்டையும் இறுக்கினேன். சைலன்சருக்குள் ஒன்றும் ஆடவில்லை, ஒட்டும் நன்றாக இருக்கிறது.

அஜாக்ஸ் அண்ணை

போல்ட்டுக்குக் கீழ மடிக்கிற தகடு இருந்ததோ? இருந்தால் அதின்ர காதை போல்ட் தலையோட மடிச்சு விடும். இல்லாட்டில் அதிர்வில திரும்பக் கழரும். அடுத்த முறை புல்லு வெட்டின பிறகு, சூடு ஆறினதும் ஒருக்கா இறுக்கிப் பாரும்.

செம்மண்காடு

இருந்தது அண்ணா, நிமிர்ந்து கிடந்தது. மடித்துவிட்டேன். சனிக்கிழமை வெட்டிவிட்டு இறுக்கிப் பார்க்கிறேன்.